கேட் கடையில் தொங்கிய எங்கள் லோகோ

எங்கள் பல்கலைக்கழக மெயின் கேட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ரெக்கார்டு நோட்டு, பைண்டிங், பஸ் பாஸ் கவர், கூடவே எங்கள் லோகோ போட்ட டீஷர்ட்டும் கீசெயினும் வாசலில் தொங்கும். பல வருடமாகத் தொங்கியதுதான். 2022இல் புதிதாக வந்த துணைவேந்தர் கண்ணில் பட்டது, "நடவடிக்கை எடுக்கவும்" என்று கோப்பில் எழுதிவிட்டார். அந்தக் கோப்பு மூன்று பிரிவுகளைச் சுற்றி, 'வணிகவியல்தானே, உங்களுக்குத் தெரியும்' என்ற ஒரே காரணத்துக்காக என் மேசையில் வந்து உட்கார்ந்தது.

விசாரித்ததில் தெரிந்த முதல் விஷயம், லோகோவை நாங்களே பதிவு செய்திருக்கவில்லை. நடவடிக்கை எடுப்பதற்கு முன்னால் கையில் ஏதாவது வேண்டுமே. சரி, டிரேட்மார்க் வாங்கலாம் என்று ஒரு ஏஜென்டைப் பிடித்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த லோகோ மேடம்?"

துறை துறையாகக் கேட்டு வாங்கியதில் பதினான்கு லோகோ சேர்ந்தது. நீலத்திலேயே ஐந்து வகை. விளக்கும் திறந்த புத்தகமும்தான் எங்கள் லோகோ, ஒன்றில் புத்தகம் மூடியிருந்தது. தேர்வுப் பிரிவின் கடிதத்தாளில் இருந்த குறிக்கோள் வாசகத்தில் ஒரு 'ப்' இல்லை, அந்தத் தாளில் எத்தனை ஆயிரம் கடிதம் போயிருக்கிறதோ. கடைசியில் ரெக்கார்டு ரூமில் மூல ஓவியத்தின் நகல் கிடைத்தது. வரைந்தவர் உள்ளூர்ப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டிவிட்டார். அவரிடம் எழுதி வாங்கியது எதுவுமே இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருடையதுதான், எனவே அவர் வீட்டுக்கே போனோம்.

இந்தப் பதிப்புரிமையை எழுத்தில் வாங்கும்போது கவனமாக இருங்கள். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் முதல் வரைவில் இரண்டுமே இல்லை. மாஸ்டர் காசு எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கொண்டுபோன அச்சைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "விளக்கோட சுடர் இடது பக்கமா சாயணும்மா. காத்துல எரியற விளக்கு அது. யாரு இதை நிமித்தினது?" என்று மட்டும் கேட்டார். யார் நிமிர்த்தினார்கள் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பழையபடியே சாய்த்துத்தான் விண்ணப்பித்தோம். அதுவும் கறுப்பு வெள்ளையில், ஏனென்றால் நிறத்தைக் குறிப்பிட்டு வாங்கினால் உரிமை அந்த நிறத்தோடு நின்றுவிடும்.

பொருளுக்குத் தகுந்தபடி வகுப்பு பிரித்துத்தான் டிரேட்மார்க் தருகிறார்கள். நோட்டு, பேனாவுக்கு 16, பைக்கு 18, கப், தண்ணீர் பாட்டிலுக்கு 21, துணிக்கு 25, கல்விக்கு 41. ஆன்லைனில் வகுப்புக்கு 9,000 ரூபாய், ஐந்துக்கு 45,000. நிதி அலுவலர் உடனே, "பேட்டன்டுக்குக் கல்வி நிறுவனங்களுக்கு 80 சதவீதம் தள்ளுபடி உண்டே, இதுக்கு ஏன் இல்லை?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் டிரேட்மார்க்கில் பாதிக் கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் இவர்களுக்குத்தான், அதில் எதிலும் நாங்கள் அடங்கவில்லை. இதை அவருக்கு விளக்கிக் குறிப்பு எழுதி, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் ஒப்புதல் வாங்க நான்கு மாதம். (கிண்டியில் இருக்கும் டிரேட்மார்க் அலுவலகத்தை எல்லோரும் குறை சொல்வார்கள். எங்கள் கோப்பு அதிகம் தூங்கியது எங்கள் கட்டடத்தில்தான். 'பதிவாளருக்கு அனுப்பியாச்சு' என்று நான் சொல்ல, எங்கள் பதிவாளரா டிரேட்மார்க் பதிவாளரா என்று புரியாமல் இரண்டு வாரம் போனது தனிக் கதை.)

இவ்வளவு செய்தும் கீசெயினைக் கோட்டை விட்டோம். அது நகைகளோடு சேர்ந்து 14ஆம் வகுப்பில் வரும் என்று யாருக்குத் தோன்றும்? பிறகு அதற்குத் தனியாக இன்னொரு 9,000.

சில மாதத்தில் டிரேட்மார்க் அலுவலகம் எங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்த ஆய்வறிக்கை வந்தது. ஊர்ப் பெயர் இருக்கிறது என்று டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 9இல் ஒரு ஆட்சேபம், விளக்கும் புத்தகமும் போட்ட இன்னொரு கல்வி நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டிப் பிரிவு 11இல் ஒன்று. பதில் தர ஒரு மாதம். 41ஆம் வகுப்புக்கு எத்தனை வருடமாகப் பயன்படுத்துகிறோம் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தோம், அதற்குத் துணையாகப் பழைய பட்டமளிப்பு விழா அழைப்பிதழ், ப்ராஸ்பெக்டஸ், ஹால் டிக்கெட் எல்லாம் தோண்டி எடுத்தோம். ஒரு முன்னாள் மாணவர் பத்திரமாக வைத்திருந்த பழைய மார்க் ஷீட்தான் எங்களிடம் சேர்ந்ததிலேயே நல்ல சான்று. விசாரணை வீடியோ காலில் பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு திங்கள்கிழமைதோறும் வரும் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகி, யாராவது எதிர்க்கிறார்களா என்று நான்கு மாதம் காத்திருந்து, 2024இல் சான்றிதழ் வந்தது. பத்து வருடத்துக்குச் செல்லும். இடையில் பேனரிலெல்லாம், பதிவான சின்னம் என்று காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' போடச் சொல்லி வாய்மொழி உத்தரவு வந்தது. பதிவாகும் முன் அதைப் போடச் சட்டம் இடம் தராது, டிஎம் போடலாம் என்று சொல்லித் தடுத்ததற்கு எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்.

சரி, கேட் கடை. நோட்டீஸ் அனுப்பலாம் என்றார்கள். நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்றேன். கடைக்கார அண்ணன் பயந்துபோய்த் தொங்கியதையெல்லாம் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். "மேடம், உங்க ஆபீஸ்ல கேட்டா இல்லைன்னாங்க, பசங்க கேட்டாங்க, அதான் போட்டேன்." உண்மைதானே. விற்காமல் இருந்தது நாங்கள். அதோடு பதிவாகி ஐந்து வருடம் தொடர்ந்து பயன்படுத்தாமல் கிடந்தால் நீக்கச் சொல்லி மனு போட வழி உண்டு, ஆகவே எப்படியும் விற்றாக வேண்டும். அவருக்கே லைசென்ஸ் கொடுக்கலாம் என்று எழுதினேன். ராயல்டி இவ்வளவு, டிசைன் எங்களிடமிருந்துதான், சாம்பிள் பார்த்துக் கையெழுத்தான பிறகே அச்சு, கட்சிக்கொடி நிறத்தில் துண்டு கிண்டு எதிலும் லோகோ வரக் கூடாது. ஆச்சரியமாக, அது பதினேழு நாளில் ஒப்புதலானது.

துணி திருப்பூரில். முதல் சாம்பிள் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற துணிக் கனம்), வெயிலில் பிடித்தால் உள்ளங்கை தெரிந்தது, 220க்கு மாறினோம். நெஞ்சில் எம்ப்ராய்டரி கேட்டோம், ஆனால் வட்டத்தைச் சுற்றிய வாசகம் அந்த அளவில் நூலில் வரவே இல்லை, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. வாசகத்தை எடுத்துவிட்டு விளக்கு மட்டும் போடலாம் என்றால், பதிவு செய்தது அதுவல்லவே. விளக்கை மட்டும் 25ஆம் வகுப்பில் தனியாக விண்ணப்பித்தோம். முதலிலேயே செய்திருக்கலாம். அதுவரை ஸ்கிரீன் பிரிண்ட்.

முதல் லாட் 500 பீஸ் கடைக்குப் போன அன்று மாலையே அண்ணனிடமிருந்து போன்.

"மேடம், திருப்பூர்க்காரன் சொதப்பிட்டான் போல. ஐந்நூறுலயும் விளக்கு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. திருப்பி அனுப்பிடவா?"