எஞ்சினைப் பிரிப்பதா, பெரிய எஞ்சினை ஏற்றுவதா?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைப்பாதையில், நான்கு பேரை வைத்துக்கொண்டு மூன்றாம் கியரிலேயே ஏறிப் பழகிய எங்கள் 2012 ஸ்விஃப்ட் டீசல், சென்ற கோடையில் இரண்டாம் கியரிலும் இழுக்கத் திணறியது. பின்னால் நீலப் புகை வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் குறைந்துகொண்டிருந்தது. வண்டி அப்போது 2,14,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இதற்காக எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலை, வேலை நெருக்கடியில் இரண்டு முறை இருபதாயிரம் வரை தள்ளிப்போட்டவன் நான்தான்.

எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க 85,000 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் சொன்னதும், அவ்வளவு பணத்தைப் பழைய 1.3 லிட்டரிலேயே போடுவானேன், 1.6 லிட்டர் எஞ்சினை ஏற்றிவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. இந்த மாருதி காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த டீசல் எஞ்சின்தான்; ஃபியட்டின் மல்டிஜெட் குடும்பத்தில் இரண்டும் உண்டு. என் வண்டியில் இருப்பது 1248 சிசி, 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2015-இல் இங்கே எஸ்-கிராஸ் காரில் வந்த 1598 சிசி எஞ்சின் 120 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டரும் தரும். பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் விசாரித்துப் பார்க்கலாம் என்று நண்பர் சொன்னார். பத்து நாட்கள் அந்த எண்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒப்பீட்டிலேயே ஒரு பிழை இருந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. தேய்ந்துபோன 1.3 லிட்டரை நல்ல நிலையில் உள்ள 1.6 லிட்டரோடு நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்; ஒப்பிட வேண்டியதோ, புதிதாக இருந்தபோது இதே 1.3 லிட்டர் எப்படி ஓடியது என்பதோடு. இந்த எஞ்சினில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்றுகளுக்குக் கீழே, புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ பெரிதாக உதவாது, அதனால் மலையில் கியரை இறக்கித்தான் ஓட்ட வேண்டும் என்பது உண்மையே. ஆனால் பதினோரு ஆண்டுகளாக அந்தப் பழக்கத்தோடு நீலகிரிக்கும் வால்பாறைக்கும் போய்வந்த எங்களுக்கு ஒருநாளும் சக்தி போதவில்லை என்று தோன்றியதில்லை. இல்லாத குறைக்கு மருந்து தேடுகிறோமா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. முதலில் அளந்து பார்த்துவிடுவோம் என்று கோவையில் எங்கள் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன்.

அந்தச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிலிண்டரைச் சூடாக்கி எஞ்சினைக் கிளப்ப உதவும் குளோ பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், பார்த்தபோது, முதல், இரண்டாம், நான்காம் சிலிண்டர்கள் 26 பார் அளவில் நின்றன. மூன்றாவது மட்டும் 19-ஐத் தாண்டவில்லை. பிறகு அந்தச் சிலிண்டருக்குள் கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்திவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்கச் சொன்னார். உஸ்ஸென்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. ரேடியேட்டரில் குமிழி இல்லை, காற்று உள்ளே வரும் குழாயிலும் புகைக் குழாயிலும் சத்தம் இல்லை. ஆகவே சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டும் வால்வுகளும் தப்பித்திருந்தன. "மூணாவது சிலிண்டர்ல ரிங் போயிருச்சுங்க. டர்போ ஷாஃப்டும் ஆடுதுங்க. ஒண்ண மட்டும் பார்த்தா நிக்காதுங்க" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் முக்கியமானது. பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைத்து நிற்கும் ரிங் தேய்ந்தால் எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆயில் இருக்கும் பகுதியில் அழுத்தத்தை உண்டாக்குகிறது. நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளையும் தாண்டக்கூடிய டர்போவின் ஷாஃப்ட் மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அந்த ஆயில் தானாகக் கீழே வடிந்து எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் அது வடியாமல், டர்போவின் சீல்களைக் கடந்து காற்றுக் குழாய்க்குள் போகிறது. புது டர்போ போட்டாலும் சில மாதங்களில் அதுவும் ஆயில் கக்கும். டர்போவை மட்டும் மாற்றிவிட்டுப் புகை நிற்கவில்லையே என்று வருந்துகிற பலருடைய வண்டியில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

1.6 லிட்டரை ஒதுக்கியதற்குச் சட்டம் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி வந்தது. ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் சிசியும் பதிவாகியிருக்கும்போது, விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் என்ன சொல்வது? முறைப்படி பதிய முடிந்தாலுங்கூட, 1500 சிசியைத் தாண்டியதும் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், 2022 ஜூனில் வந்த விகிதப்படி, 3,416 ரூபாயிலிருந்து 7,897 ரூபாய்க்கு ஏறிவிடும்.

இயந்திர ரீதியாகவும் அது ஒரு எஞ்சினோடு முடியும் வேலையல்ல. 190 நியூட்டன் மீட்டருக்கென்று அமைந்த கிளட்ச், ஐந்து கியர் பெட்டி, டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றின் மேல் 320-ஐச் சுமத்த முடியாது. அந்த எஞ்சின் வந்ததே ஆறு கியர் பெட்டியோடுதான். கூடவே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, வயரிங், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், முன்பக்க ஸ்பிரிங், பிரேக் என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும்.

ஓடிய 1.3 எஞ்சின் ஒன்றையே வாங்கி மாற்றுவதையும் யோசித்தோம். அதன் முந்தைய சொந்தக்காரர் என்னைப் போலவே ஆயிலைத் தள்ளிப்போட்டவராக இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று அதை விட்டுவிட்டோம்.

வண்டியை விற்றால் இரண்டரை லட்சம் தேறலாம்; 2027-இல் பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பாடியில் துரு இல்லை, கியர் பெட்டி சத்தமில்லாமல் இருக்கிறது. ஆகவே பிரித்தோம். ஹெட்டைத் தூக்கியதும் மூன்றாம் சிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக மின்னியது. ஆயிலைப் பிடித்து வைக்க வேண்டிய குறுக்குக் கோடுகள் அங்கே சுத்தமாக இல்லை. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில், புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வழியாக வந்த கரி விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் லேத்தில் நான்கு சிலிண்டர்களையும் சற்றுப் பெரிதாகக் கடைந்து, குறுக்குக் கோடுகள் விழ ஹானிங் செய்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், பேரிங், டைமிங் செயின் போட்டார்கள். டர்போவின் உள் பகுதியை மாற்றியதோடு, அதற்கு ஆயில் வரும் மெல்லிய குழாயையும் புதிதாகப் போடச் சொன்னேன். கரி அடைத்த பழைய குழாய் புது டர்போவையும் பட்டினி போட்டுவிடும். காற்றுக் குழாய்களில் தேங்கிய ஆயிலை முழுவதும் கழுவினார்கள், ஏனென்றால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்த பிறகும் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும்.

மொத்தம் 91,000 ரூபாய் ஆனது. முதல் ஆயிரம் கிலோமீட்டரை விரட்டாமல் ஓட்டி ஆயிலை மாற்றினேன். அடுத்த மூவாயிரத்தில் டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டிலேயே நிற்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, மனைவியோடு கோத்தகிரிக்குப் போனோம். பழையபடி மூன்றாம் கியரிலேயே ஏறியது.