ஒரே வீடு, ரெண்டு ஜில்லா: எங்க வம்சாவளில ஊர் பேர் எழுதின அனுபவம்

பெரிப்பா தவறின பிறகு பெங்களூர் சிவாஜிநகர் வீட்டுல அவரோட டிரங்க் பெட்டிய திறந்தோம், உள்ள தாத்தாவோட ஸ்கூல் சர்டிபிகேட், ஆயாவோட ஞானஸ்நான சர்டிபிகேட், இன்னும் கொஞ்சம் மங்கிப்போன காகிதம் எல்லாம் இருந்துச்சு. சரி, வம்சாவளிய ஒழுங்கா கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்னு உக்காந்தேன். பேரு, தேதி எல்லாம் ஒரு ராத்திரில முடிஞ்சது, ஊர் பேருக்கு தான் ஏழு மாசம் ஆச்சு.

தாத்தா 1909ல பொறந்தவர், சர்டிபிகேட்ல "திருப்பத்தூர் தாலுகா, சேலம் ஜில்லா"ன்னு இருக்கு. எங்க வீட்ல யாருக்கும் சேலத்தோட எந்த சம்பந்தமும் கிடையாது, ஜோலார்பேட்டை பக்கம்னு தான் அத்தை எப்பவும் சொல்லும். எழுதினவர் தப்பா எழுதிட்டார்னு நானே முடிவு பண்ணி வெறுமனே "திருப்பத்தூர், தமிழ்நாடு"ன்னு போட்டேன், அது மேப்ல போய் சிவகங்கை பக்கத்து திருப்பத்தூர்ல உக்காந்துடுச்சு! நானும் கவனிக்கல. அந்தப் பக்கத்துக்காரங்க ரெண்டு பேர் நாம சொந்தமான்னு கேட்டு எழுதின பிறகு தான் என்ன பண்ணி வச்சிருக்கேன்னு புரிஞ்சது, பாவம் அவங்க நேரமும் போச்சு.

சர்டிபிகேட் தப்பே இல்லங்க. 1911 வரைக்கும் நம்ம திருப்பத்தூர் தாலுகா சேலம் ஜில்லாவுல தான் இருந்துச்சு. அந்த வருஷம் வடஆற்காட்டுலேருந்து சித்தூர் தனி ஜில்லாவா பிரிஞ்சப்ப திருப்பத்தூர வடஆற்காட்டோட சேர்த்தாங்க. 1989ல வடஆற்காடும் ரெண்டாச்சு, வேலூர தலைநகரா வச்ச பாதில திருப்பத்தூர் போச்சு, 2019ல அதுவே தனி மாவட்டம். தாத்தாவோட தம்பி 1913ல அதே வீட்ல, அதே திண்ணைக்கு பின்னாடி இருக்கற அறையில பொறந்தவர், அவர் பேப்பர்ல வடஆற்காடுன்னு இருக்கு. இத வச்சு ரெண்டு பேரும் ஒரே குடும்பமே இல்லன்னு எங்க சொந்தத்துலயே ஒருத்தர் ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தார். அந்த 1911 விஷயம் தெரிஞ்சதும் அவருக்கு தான் முதல்ல போன் பண்ணேன்.

அதுலேருந்து ஒரே வழக்கம் தான் வச்சிருக்கேன், சம்பவம் நடந்த நாள்ல அந்த ஊர் எந்த தாலுகா, எந்த ஜில்லா, யார் ஆட்சியோ அத அப்படியே எழுதறது, இன்னிக்கு பேர குறிப்புல போடறது. ஏன்னா பழைய ரெஜிஸ்டர் எல்லாம் அன்னிக்கு பேர்ல தான் அடுக்கி இருக்கு, 1909 ஆள இன்னிக்கு ஜில்லா பேர வச்சு தேடினா எதுவும் கிடைக்காது. தேடறப்ப ஸ்பெல்லிங் வேற மாறும், அதனால காகிதத்துல இருக்கற எழுத்த தொடாம தனியா ஒரு வரியில வச்சுக்குங்க.

ஆயா கதை இன்னும் சிக்கல். 1936ல பொறந்தது இங்க பெங்களூர்லயே தான், ஆனா சர்டிபிகேட்ல "பிளாக்பள்ளி, சி அண்ட் எம் ஸ்டேஷன்". பிளாக்பள்ளி தான் இப்ப நாம சொல்ற சிவாஜிநகர், அது சர்ச்லயே தெரிஞ்சுது. மாநிலம் என்ன போடறது? மைசூர்னு போட கை போயிடுச்சு. 1881ல மைசூர மகாராஜா குடும்பத்துக்கு திருப்பி குடுத்தப்ப பட்டாளம் இருந்த கண்டோன்மென்ட்ட மட்டும் பிரிட்டிஷ்காரங்க தங்களோட கையில வச்சுக்கிட்டாங்க, அந்தப் பகுதி தான் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன், 1947ல தான் மைசூருக்கு திரும்ப வந்துச்சு. சிட்டிக்கு ஒரு முனிசிபாலிட்டி, கண்டோன்மென்ட்டுக்கு ஒரு முனிசிபாலிட்டி, ரெண்டும் சேர்ந்து கார்ப்பரேஷன் ஆனதே 1949ல. அதனால ஆயாவ சிட்டி பக்கத்து ரெக்கார்ட்ல தேடி நான் அலைஞ்ச மூணு சனிக்கிழமையும் வீண். மெட்ராஸ் மாகாணம்னும் எழுத முடியாது, இங்க தெரு பூரா தமிழ் பேசினாலும். கடைசியில "பிளாக்பள்ளி, சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன், பெங்களூர்"னு காகிதத்துல இருக்கற மாதிரியே விட்டுட்டேன், நிர்வாகம் பிரிட்டிஷ்னு குறிப்பு.

மத்ததெல்லாம் சுலபம். 1971ல பொறந்த அத்தைக்கு மைசூர் ஸ்டேட், 1974 சித்தப்பாவுக்கு கர்நாடகா, மாத்தினது 1973 நவம்பர் 1ல. திருப்பத்தூர் பக்கம் 1969 ஜனவரி 14க்கு முன்னாடின்னா தமிழ்நாடுன்னு எழுதாதீங்க. 2016ல பொறந்த என் பொண்ணுக்கு தான் பெங்களூரு.

ஜோலார்பேட்டைலேருந்து கண்டோன்மென்ட்டுக்கு 1864லயே ரயில் வந்துடுச்சு, எங்க கொள்ளுத்தாத்தா எந்த வருஷம் அதுல ஏறினார்னு தான் இப்ப தேடறேன். அடுத்த மாசம் லீவ் போட்டிருக்கேன், இந்த தடவை சேலம் ஜில்லா பேர்ல இருக்கற பழைய புத்தகங்கள்லேருந்து ஆரம்பிக்கறேன்.