மேலிடத்துக்கு எழுதினால் பதில் வருமா?

கம்பனியின் பிரதம நிறைவேற்று அதிகாரிக்கே எழுதினால் காரியம் நடக்குமா என்று பலர் கேட்கிறார்கள். நடக்கும். ஆனால் அவர் உட்கார்ந்து வாசித்துப் பதில் எழுதுவார் என்று எண்ணி எழுதாதீர்கள். பெரும்பாலும் கடிதத்தைத் திறப்பவர் அவருடைய செயலாளர். தலைப்பையும் முதல் நான்கு வரியையும் பார்த்துவிட்டு, "கவனித்து அறியத் தரவும்" என்று வாடிக்கையாளர் பிரிவின் தலைவருக்கு அனுப்பிவிடுவார். எழுதியதன் பலன் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதுவரை அழைப்பு நிலையத்தின் வரிசையில் கிடந்த முறைப்பாடு, இப்போது ஓர் அதிகாரி தன் மேலிடத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டிய விஷயமாகிவிடுகிறது.

அமேசானின் ஜெஃப் பெசோஸ் தன் மின்னஞ்சல் முகவரியை வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்படி வைத்திருந்தார். வரும் முறைப்பாடுகளில் சிலவற்றை, மேலே ஒரு "?" மட்டும் போட்டு உரிய அதிகாரிக்கு அனுப்புவார். விளக்கம் தேடி ஓடவேண்டியது அந்த அதிகாரிதான். கொழும்புக் கம்பனிகளிலும் கடிதம் இப்படித்தான் கைமாறுகிறது. ஆகவே கடிதத்தை மேலே இருப்பவரை உருக வைப்பதற்காக எழுதக்கூடாது. செயலாளர் அரை நிமிடத்தில் விளங்கிக்கொள்ளவும், பிரிவுத் தலைவர் வேறு யாரையும் கேட்காமல் முடிவெடுக்கவும் வேண்டும். அதற்காக எழுதுங்கள்.

ஓர் உதாரணம். மார்ச் 4இல் வாங்கிய ஃபிரிட்ஜ். ஏப்ரல் 11இல் குளிர் நின்றுவிட்டது. 12ஆம் திகதி ஜொப் கார்ட் (திருத்த வேலையைப் பதியும் அட்டை) திறந்தார்கள். டெக்னீஷியன் மூன்று தடவை வந்தார். கம்ப்ரசர் மாற்றவேண்டும், ஸ்டொக் இல்லை என்றார். மே 12இல் நீங்கள் மேலிடத்துக்கு எழுதுகிறீர்கள். தலைப்பில் ஜொப் கார்ட் இலக்கம், மாடல், "30 நாட்களாகத் திருத்தப்படவில்லை" என்ற மூன்றும் இருக்கட்டும். "மிக அவசரம்", "மோசமான சேவை" என்றெல்லாம் போட்டால் அது மற்றக் கடிதங்களோடு கடிதமாகப் போய்விடும். முதல் வரியிலேயே கேட்பதைக் கேளுங்கள்: "மே 27க்கு முன் கம்ப்ரசரை மாற்றித் தரவும், முடியாவிட்டால் புதிய ஃபிரிட்ஜ் தரவும், அல்லது பணத்தைத் திருப்பித் தரவும்." அதன் கீழே திகதி வாரியாக ஐந்தாறு வரிகள்: எந்த நாள், யார் வந்தார், என்ன சொன்னார். கடைசியில், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய இரண்டு கேள்விகள்: கம்ப்ரசர் ஓடர் செய்யப்பட்டுவிட்டதா? உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தர மறுக்கிறீர்களா? எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம்.

பில், உத்தரவாத அட்டை, ஜொப் கார்ட் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக இணையுங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தொடர் இலக்கமும் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேலிடத்துக்கு எழுதினால், பதிலில் முதலில் வருவது அந்தக் குறைதான். பத்துப் பன்னிரண்டு படங்களைத் தனித்தனியாக அனுப்பினால் செயலாளர் திறக்கமாட்டார்.

கால எல்லை பத்து வேலை நாட்களுக்குக் குறையாமல் இருக்கட்டும். போயாவையும், மே மாதம் என்றால் வெசாக் விடுமுறையையும் கழித்துவிட்டுத்தான் எண்ணவேண்டும். "24 மணித்தியாலத்துக்குள்" என்று எழுதினால் யாரும் பொருட்படுத்துவதில்லை.

யாருக்கு அனுப்புவது? கடைப் பலகையில் இருக்கும் பெயர் வேறு, கம்பனியின் பதிவுப் பெயர் வேறு. பில்லின் மேலோ அடியிலோ "பிரைவேட் லிமிட்டெட்" என்றோ, பங்குச் சந்தையில் உள்ள கம்பனி என்றால் "பிஎல்சி" என்றோ முடியும் பெயரைப் பாருங்கள். சட்டப்படி உங்களுக்கு விற்றது அந்தக் கம்பனி. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி என்றால் வேலை சுலபம். சந்தையின் இணையத்தளத்தில் அதன் ஆண்டறிக்கை கிடைக்கும். கம்பனி விபரங்கள் உள்ள பக்கத்தில் பணிப்பாளர்களின் பெயர்கள், கம்பனிச் செயலாளர், பதிவு அலுவலக முகவரி எல்லாம் இருக்கும். கடிதத்தின் பிரதி ஒன்றை அந்தக் கம்பனிச் செயலாளருக்கும் அனுப்புங்கள் (மேலே சொன்ன, கடிதத்தைத் திறக்கும் செயலாளர் அல்ல இவர்). வருகிற கடிதங்களைப் பதிந்து கோப்பில் போடுவது அந்த அலுவலகத்தின் அன்றாட வேலை. அங்கே போன கடிதம் லேசில் தொலையாது. இருபது பேருக்குப் பிரதி போட்டால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருபது பேரும் விட்டுவிடுவார்கள்.

மின்னஞ்சலை மட்டும் நம்பவேண்டாம். தாளிலும் அனுப்புங்கள். தலைமை அலுவலகம் கோட்டையிலோ யூனியன் பிளேஸிலோ கொள்ளுப்பிட்டியிலோ இருந்தால் நேரே போய்க் கொடுப்பது இன்னும் நல்லது. இரண்டு பிரதி கொண்டுபோங்கள். வரவேற்பு மேசையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதியோடு "பெற்றுக்கொள்ளப்பட்டது" முத்திரை கேளுங்கள். முத்திரைக்குக் குறுக்கே வாங்கியவரின் கையெழுத்தும் இருக்கவேண்டும். முத்திரை போட மாட்டோம் என்றால் வாக்குவாதப்படாமல் பக்கத்துத் தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அந்தப் பற்றுச்சீட்டை உங்கள் பிரதியின் மூலையில் ஒட்டி வையுங்கள். முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ பிரதம நிறைவேற்று அதிகாரியின் தனிப்பட்ட கணக்கைத் தேடிப் போகாதீர்கள். வீட்டுப் பக்கம் வந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

இன்னொன்று: முதல் கடிதத்திலேயே "சட்டத்தரணி மூலம் நடவடிக்கை எடுப்பேன்" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல் வந்ததும் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய்விடும். அதன்பின் வாடிக்கையாளர் பிரிவில் யாரும் உங்களோடு வாய் திறக்கமாட்டார்கள்.

அனுப்பிய சில நாட்களில் பெரும்பாலும் வருவது தொலைபேசி அழைப்புத்தான். "சேர், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மரியாதையாகப் பேசுவார்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அழைப்போடு முறைப்பாடு "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டுவிடலாம். பேசி முடித்த கையோடு, "இன்று மாலை நீங்கள் சொன்னபடி மே 20க்குள் கம்ப்ரசர் மாற்றப்படும் என்று விளங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவர்கள் மறுக்காவிட்டால் உங்கள் பக்கத்துக்கு அது நல்ல சான்று. வவுச்சரோ சிறு தொகையோ தந்து கையெழுத்துக் கேட்டால், "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்ற வசனம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் கையெழுத்து வைத்தபின் கம்ப்ரசரைப் பற்றிக் கேட்பது கஷ்டம்.

எல்லாவற்றுக்கும் இந்த வழி சரிவராது. கம்பனியின் சொந்த விதியை மீறி ஊழியர் நடந்திருந்தால் மேலிடம் உடனே திருத்தும். விதியே உங்களுக்கு எதிராக இருந்தால், அதே விதியை அழகான தாளில் எழுதி அனுப்புவார்கள். வட்டி வீதம், கட்டண உயர்வு, தண்ணீர் பட்டதாலோ மின்னழுத்தத்தாலோ வந்த சேதம் எல்லாம் இந்த வகை. உள்ளூர் ஏஜன்ட் இறக்குமதி செய்யாத தொலைபேசியைக் கடை உத்தரவாதத்தில் வாங்கிவிட்டு ஏஜன்டின் தலைவருக்கு எழுதுவதும் வீண். அந்தத் தொடர் இலக்கம் அவர்களுடைய பதிவிலேயே இருக்காது. கேட்கவேண்டியது விற்ற கடையைத்தான்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டை, விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். விசாரணைக்குப் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. மேலிடத்துக்கு எழுதியதால் அந்த மூன்று மாதம் நின்றுவிடாது. மார்ச் 4இல் வாங்கிய ஃபிரிட்ஜுக்கு ஜூன் தொடக்கத்தோடு காலம் முடிகிறது. இனிமையாகப் பேசிப் பேசி ஜூன் நடுப்பகுதி வரை இழுத்தார்கள் என்றால், நட்டம் உங்களுக்கு. ஆகவே மே 27 தாண்டியதும் காத்திருக்காமல் அதிகாரசபைக்குக் கொடுத்துவிடுங்கள். விபரம் கேட்க 1977க்கு அழைக்கலாம்.

வங்கி, லீசிங் விஷயங்களில் மேலிடக் கடிதத்துக்கு வேறொரு பயனும் உண்டு. நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமோ (நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்), 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் மத்திய வங்கியிடமோ போனால், முதலில் நிறுவனத்திடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். முத்திரை குத்திய உங்கள் பிரதிதான் அதற்குப் பதில்.

அரச வங்கி, அரச கூட்டுத்தாபனம் என்றால் தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். கொழும்பிலும் அது அரசியலமைப்பு தந்த உரிமை. தனியார் கம்பனியில் தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்கலாம். கூடவே ஒரு பக்க ஆங்கிலப் பிரதி வையுங்கள். அரச நிறுவனத்தின் தலைவர் பதிலே தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிகளும் அதற்குள் வரும். "என் கடிதம் எந்த அதிகாரியிடம் இருக்கிறது, அதன்மேல் எழுதப்பட்ட குறிப்பின் பிரதி தரவும்" என்று தகவல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும்.

கம்ப்ரசரை மாற்றித் தந்தால், ஜொப் கார்டில் புதிய தொடர் இலக்கத்தையும் மாற்றிய திகதியையும் எழுதி வாங்கியபிறகு கையெழுத்துப் போடுங்கள். புதிய பாகத்துக்கான உத்தரவாதம் எந்த நாளிலிருந்து என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.