சபைத் தலைமையைக் கைமாற்றுவது: தேர்வில் எப்படி எழுதலாம்?

யாங்கூனில் மாலை நேர இறையியல் வகுப்பில் சேரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘சபை நிர்வாகம்’ தாள் என்றால் அலட்சியம். எபிரேயு, கிரேக்குக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் இதைப் பரீட்சைக்கு முந்தின நாள்தான் கையில் எடுப்பார்கள். அதிலும் ஒரு போதகருக்குப் பின் யார் என்கிற கேள்வி வந்துவிட்டால் ஒரே சந்தோஷம். மோசேக்குப் பின் யோசுவா, எலியாவுக்குப் பின் எலிசா என்று சண்டே ஸ்கூலில் கேட்ட கதையை மூன்று பக்கம் எழுதிவிட்டு வருவார்கள். மார்க் வராது. எழுதினது பிரசங்கம், கேட்டது நிர்வாகம்.

இந்தக் கேள்விக்கு முதலில் எழுத வேண்டியது, முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது. அது சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கத் திருச்சபையில் பங்குக் குருவை நியமிப்பவர் ஆயர்; 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு குருவைக் கேட்டுக்கொள்கிறது. மெதடிஸ்ட் முறையில் போதகரை அனுப்புவதும் மாற்றுவதும் தலைமையின் பொறுப்பு. பாப்டிஸ்ட் சபையில் அங்கத்தினர் கூடி வாக்களித்துப் போதகரை அழைக்கிறார்கள். எந்தப் பெரிய அமைப்பிலும் சேராத தனிச் சபைகளிலோ ஆரம்பித்தவர்தான் எல்லாம். பல இடங்களில் அவருக்குப் பின் மகன். கேள்வியில் எந்தச் சபை என்று சொல்லாவிட்டால், நீங்களே ஒன்றைத் தேர்ந்துகொண்டு முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வசனங்களையும் அந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். எலியா விட்டுப்போன சால்வையை எலிசா எடுத்துக்கொள்வது அழகான காட்சிதான். ஆனால் ஒரு கமிட்டி என்ன செய்ய வேண்டும் என்று அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் நிறைய இருக்கிறது. தனக்குப் பின் ஒருவர் வேண்டும் என்று கேட்பவர் மோசேதான். கர்த்தர் யோசுவாவைக் காட்டுகிறார். ஆசாரியனும் சபையார் எல்லாரும் பார்க்க மோசே அவன்மேல் கைகளை வைக்கிறார். மோசே உயிரோடிருக்கும்போதே அவருடைய கனத்தில், அதாவது அதிகாரத்தில், ஒரு பங்கு அவனுக்குப் போகிறது. அந்த யோசுவாவோ அதற்கு வெகுகாலம் முன்பே அவருக்குப் பணிவிடை செய்து பழகினவன். அப்புறம் நியாயாதிபதிகள் 2:10ஐப் பக்கத்தில் வையுங்கள்: யோசுவா தனக்குப் பின் யாரை நிறுத்தினார் என்று வேதத்தில் இல்லை, கர்த்தரை அறியாத ஒரு சந்ததி எழும்புகிறது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதினவர்களுக்கு எங்கள் வகுப்பில் நல்ல மார்க் கிடைத்தது.

மகனை வாரிசாக்குவதைப் பற்றிக் கேட்டால் 1 சாமுவேல் 8, சாமுவேல் பொறுப்பில் வைத்த மகன்கள் வழிதவறின கதை. அறிவிப்பு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு 1 இராஜாக்கள் 1, தாவீது வாரிசை அறிவிக்குமுன் மகன் அதோனியா தானே ராஜாவாகப் பார்த்த கதை. சபையார் தேர்ந்தெடுக்க, அப்போஸ்தலர் கைகளை வைக்கும் முறைக்கு அப்போஸ்தலர் 6. 2 தீமோத்தேயு 2:2ஐ எல்லாரும் எழுதுவார்கள். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ளவர்கள், அவர்களிடம் கற்கும் மற்றவர்கள் என்று அந்த ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம், பர்மாவே போதும். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813இல் ரங்கூனில் (இன்றைய யாங்கூன்) இறங்கினார். 1965இல் மிஷன் பள்ளிக்கூடங்கள் அரசுடைமையாயின. 1966இல் வெளிநாட்டு மிஷனரிகளில் பெரும்பாலோர் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆனால் ஐராவதி டெல்டாவிலுள்ள பாசேன் பகுதியில் கரேன் இனத்தாரின் சபைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் போதகர்களைத் தாங்களே தாங்கப் பழகியிருந்தன. ஆங்கிலிக்கன் சபை 1970இல் தனி மாகாணமானபோது அதன் முதல் பேராயர் ஃபிரான்சிஸ் ஆ ம்யா. தன்னைத் தானே தாங்குதல், ஆளுதல், பரப்புதல் என்று 19ஆம் நூற்றாண்டு மிஷன் தலைவர்கள் ஹென்றி வென், ரூஃபஸ் ஆண்டர்சன் சொன்னதை இங்கே இணைத்தால் விடை கனமாகும். நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1964இல் கடைகள் அரசுடைமையாகி இந்தியர் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறியது. போதகர் இருந்தாலும் மூப்பர்களும் பொருளாளரும் ஒரே சமயத்தில் போய்விட்டால் சபை என்ன ஆகும்? திட்டம் போதகருக்கு மட்டும் போதாது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்து, நிலைமையைக் கொடுத்துத் திட்டம் கேட்கும் கேள்வி. ‘போதகருக்கு 68 வயது, மகன் உதவிப் போதகர், மைத்துனர் பொருளாளர், மூன்று வருடத் திட்டம் எழுதுக’ என்கிற மாதிரி வரும். மகன் நல்லவனா, தகுதியுள்ளவனா என்று ஆரம்பிக்காதீர்கள். சபையின் சட்டதிட்டம் என்ன சொல்கிறது, புதிய போதகரைத் தேடும் குழுவில் யார் இருக்கக் கூடாது, இடைக்காலத்தில் திருவிருந்து கொடுப்பவர் யார் என்று தொடங்குங்கள். வங்கிக் கையெழுத்து, நிலப் பத்திரம், ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் எல்லாம் எழுத்து மூலமாகக் கைமாற வேண்டும். இவற்றை எழுதுபவர்கள் குறைவு.

இதிலும் முக்கியம் வயதான போதகரின் வீடும் சோறும். நம் சின்னச் சபைகளில் பென்ஷன் கிடையாது. குடியிருப்பதும் சபை வீடு. பொறுப்பை விட்டால் எங்கே போவார்? அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பேசுவது சுலபம். அவருக்கு இருக்க இடமும் மாதாமாதம் கொஞ்சம் பணமும் ஏற்பாடு செய்யாத எந்தத் திட்டமும் காகிதத்தில்தான் நிற்கும். பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி போட்டுக் காட்டுங்கள். அனுபவமுள்ள போதகர்கள் திருத்தும் தாள் இது, அவர்களுக்கு உடனே புரியும்.

வேதத்தைத் தமிழில் படித்துவிட்டு விடையைப் பர்மியத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறவர்கள், வேதாகமப் புத்தகங்களின் பெயர்களையும் மூப்பர், உதவிக்காரர் போன்ற சொற்களையும் அந்த மொழியில் முன்கூட்டியே எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் என்னிடம், ஓய்வு பெற்ற போதகர் அதே சபையில் ஆராதனைக்கு வந்து உட்காரலாமா என்று கேட்டார்கள். முதல் ஒரு வருடம் வேறு சபைக்குப் போகட்டும், பிறகு புதியவர் அழைத்தால் வரட்டும் என்றேன். தேர்வாளர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டார், இன்னொருவர், வேறு தமிழ்ச் சபை இல்லாத ஊரில் என்ன செய்வது என்றார். அதற்கும் ஒரு பதிலோடு போங்கள்.