மீண்டும் தொகுப்பாளராக: திருகோணமலை நாட்குறிப்பு

9 ஜனவரி 2010, சனி

அம்மாவை வைத்தியத்துக்காகக் கொழும்பில் வைத்திருந்து ஊருக்கு அழைத்து வந்தபின், இன்றுதான் கணினியின் முன் நிம்மதியாக உட்கார முடிந்தது. ஓப்பன் டைரக்டரி என்ற இணையத்தள அடைவின் தொகுப்பாளர் பக்கத்துக்குள் போக முயன்றேன். என் பெயரையும் கடவுச்சொல்லையும் அது ஏற்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். நான்கு மாதம் ஒரு திருத்தமும் செய்யாதவரின் கணக்கு தானாகவே காலாவதியாகிவிடும். வைத்தியசாலை வாசலில் காத்துக் கிடந்த மாதங்களில் தளங்களையா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஆனாலும் இந்த விதியை நான் ஆதரிக்கிறேன். ஒரு பகுப்புக்கு ஆள் இல்லையென்றால் அது வெளியே தெரிய வேண்டும்.

இந்த அடைவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். 1998இல் ரிச் ஸ்க்ரெண்டாவும் பாப் ட்ரூயலும் சேர்ந்து தொடங்கினார்கள். அந்த ஆண்டே உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் அதை வாங்கியது. பின்னர் நெட்ஸ்கேப்புடன் ஏஓஎல் நிறுவனத்தின் வசம் போனது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பொருள்வாரியாகவும் இடவாரியாகவும் பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் திறந்து பார்த்து, தலைப்பும் இரண்டு வரி விளக்கமும் எழுதியிருக்கிறார். சம்பளம் எவருக்கும் இல்லை. கூகுளின் அடைவும் இதே தரவைத்தான் எடுத்துக் காட்டுகிறது. நம் ஊர்த் தளங்கள் அடங்கிய ஒரு சிறிய பகுப்பு என் பொறுப்பில் இருந்தது.

10 ஜனவரி, ஞாயிறு

வெளியாள்போல் என் பகுப்பைத் திறந்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தேன். மனம் கொதிக்கிறது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இங்கே எத்தனை நிவாரண அமைப்புகள் தளம் திறந்தன என்பது ஊரறிந்தது. பணம் தீர்ந்ததும், வேலை முடிந்ததும் பல மூடப்பட்டன. முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட ஆள் இல்லை. அந்த முகவரிகளை யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். மூதூர்ப் பக்கம் மீனவர்களுக்கு வள்ளமும் வலையும் கொடுத்த ஒரு அமைப்பின் பெயரைச் சொடுக்கினால் இன்று சூதாட்டப் பக்கம் வருகிறது! விளக்கம் மட்டும் நான் எழுதியபடியே இருக்கிறது: ‘கரையோரக் குடும்பங்களின் வாழ்வாதார உதவி.’

செத்த இணைப்புகளைக் கண்டுபிடிக்க அடைவிடம் ரோபோசில்லா என்ற நிரல் இருக்கிறது. ஒரு முகவரி பதில் தராவிட்டால் அது குறித்துவைக்கும். ஆனால் இந்தப் பக்கம் பதில் தருகிறதே. நிரலின் கண்ணுக்கு அது நலமாக உயிரோடு இருக்கிறது. வள்ளம் கொடுத்தவர்களின் பெயரில் சூதாட்டக்காரன் உட்கார்ந்திருப்பதை, வள்ளம் கொடுத்ததை அறிந்தவன்தான் சொல்ல முடியும்.

12 ஜனவரி, செவ்வாய்

மீள்சேர்ப்புப் படிவத்தை அனுப்பிவிட்டேன். செயலற்றுக் காலாவதியான கணக்குக்குத்தான் இந்தப் படிவம். முறைகேட்டுக்காக நீக்கப்பட்டவர்களின் கதை வேறு. மெட்டா எனப்படும் மூத்த தொகுப்பாளர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். அவர்களும் தன்னார்வலர்களே. ஆகவே இத்தனை நாளில் பதில் வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

காரணம் எழுதும் பெட்டியில் அம்மாவின் நோயை ஒரு வரியில் முடித்துக்கொண்டேன். மீதி இடத்தில் கைமாறிப்போன முகவரிகளைக் குறித்தேன். அவற்றின் கீழ் என்ன செய்யவேண்டும் என்பதையும் எழுதினேன். அனுதாபத்தைவிட வேலை நல்ல சிபாரிசு என்பது என் எண்ணம். கடைசியில், ஊரில் எந்த விடுதியோடும் கடையோடும் எனக்குத் தொடர்பு இல்லை என்றும், நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருக்கிறேன் என்றும் தெரிவித்தேன். தொடர்புள்ள தளங்களை மறைக்காமல் சொல்வது அங்கே முதல் ஒழுங்கு.

16 ஜனவரி, சனி

நேற்றுச் சூரிய கிரகணம். பகல் வெளிச்சம் மங்கிப்போனதைப் பார்க்கத் தெருவெல்லாம் சனம்.

மாலையில் நிலாவெளியில் விடுதி நடத்தும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். யுத்தம் முடிந்து முதல் வருடம். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் கடலுக்கு வருகிறார்கள், எல்லோரும் அறைகளுக்குப் புதிதாக நிறம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். “அண்ணை, உங்களுக்குத் திரும்பப் பொறுப்புக் கிடைத்தால் எங்களுடைய தளத்தை முதலாவதாகப் போட்டுவிடுங்கள். செலவு என்ன என்றாலும் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

“செலவே கிடையாது தம்பி. காசுக்கு முதலாவது இடமும் கிடையாது. அகரவரிசையில்தான் நிற்கும். காசு வாங்கினேன் என்று தெரிந்தால் அன்றே என்னை வெளியே போடுவார்கள், அது நியாயமும்தான்” என்றேன். அவர் நம்பவில்லை. காசு வாங்காமல் ஒருவன் இரவிரவாக இதைச் செய்வான் என்பதை நம்புவது கடினமாக இருக்கலாம். ‘கிழக்கின் தலைசிறந்த, மறக்கமுடியாத அனுபவம்’ என்று தானே எழுதிவந்த விளக்கத்தையும் நீட்டினார். எத்தனை அறை, கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், சுழியோடுவதற்குப் புறாமலைத் தீவுக்குப் படகு உண்டா, அதை மட்டும் எழுதித் தாருங்கள் என்று கேட்டு அனுப்பினேன். முகம் சற்று வாடித்தான் போனார்.

24 ஜனவரி, ஞாயிறு

பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: “கூகுளில் தேடினால் எல்லாம் வருகிறதே சேர், இந்த அடைவெல்லாம் இனி எதற்கு?” அவனை என் மேசைக்கு அழைத்து, பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய தளம் ஒன்றைத் திறந்து காட்டினேன். எழுத்துரு இருந்த கணினியில் அழகான தமிழ். எழுத்துருவை எடுத்துவிட்டதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரே குப்பை. அந்தத் தளத்தில் சேமிக்கப்பட்டிருப்பது உண்மையில் அந்தக் குப்பைதான். யுனிகோடில் ‘கோணேசர் கோயில்’ என்று தட்டிக் கேட்பவருக்குத் தேடுபொறி அதை எங்கே கொண்டுவந்து காட்டும்? இலங்கைத் தமிழர்கள் ஆரம்பத்தில் கட்டிய தளங்கள் பல இப்படித்தான் இருக்கின்றன. ஊர்க் கோயில்களின் திருவிழாக் குறிப்பு, பழைய மாணவர் சங்கம், புலம்பெயர்ந்தவர்கள் சேர்த்த பழைய படங்கள் எல்லாம் அந்த மூடிய எழுத்துக்குள் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து வாசித்து, இதில் இன்னது இருக்கிறது என்று யுனிகோடில் இரண்டு வரி எழுதிவைத்தால் அந்த வரியையாவது தேடுபொறி பிடிக்கும். பையன் பிறகு எதுவும் கேட்கவில்லை. எழுத்துருவை மட்டும் தன் கணினிக்குப் பிரதி எடுத்துக்கொண்டு போனான்.

2 பெப்ரவரி, செவ்வாய்

கிடைத்துவிட்டது! மின்னஞ்சல் மூன்று வரிதான். கணக்கு மீட்கப்பட்டது, பழைய பகுப்பு அப்படியே, நல்வரவு. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்போ நல்ல வேலைதான்” என்றார். அம்மா அதை மனதாரத்தான் சொன்னார்.

7 பெப்ரவரி, ஞாயிறு

சூதாட்டக்காரன் போய்விட்டான். அவனுடன் சேர்த்து மற்றக் கைமாறிய முகவரிகளும். ஒவ்வொன்றின் கீழும் என்ன நடந்தது என்று தொகுப்பாளர் குறிப்பு எழுதினேன், நாளை வேறொருவர் தெரியாமல் திரும்பச் சேர்த்துவிடக்கூடாது. ஒரு அமைப்பு மட்டும் வேறு முகவரியில் இன்னும் இயங்குகிறது. தேடிப் பிடித்து அதற்கு மாற்றினேன்.

மீளாய்வுக்குக் காத்திருந்த வரிசையில் ஒரு வெந்நீரூற்றுத் தளம் கிண்ணியாவின் கீழ் அனுப்பப்பட்டிருந்தது. ஏழு கிணறுகளும் இருப்பது கன்னியாவில். அது பட்டணத்துக்கு மேற்கே, அனுராதபுரம் வீதியில். கிண்ணியாவோ குடாவுக்குத் தெற்கே, போன ஒக்டோபரில் புதுப்பாலம் திறந்த ஊர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம். தரையில் கடலே குறுக்கே கிடக்கிறது. வெந்நீரில் குளிக்க வருகிறவனைப் பாலம் தாண்ட வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! பட்டினமும் சூழலும், குச்சவெளி, தம்பலகாமம், மூதூர் என்று பிரதேச செயலாளர் பிரிவுகளின் எல்லையைக் கந்தோரில் அன்றாடம் கோடு போட்டுப் பழகிய கை இது. இந்த வேலைக்கு அது உதவுகிறது.

நிலாவெளி விடுதிக்காரர் எட்டு அறை என்று எழுதி அனுப்பியிருந்தார். சேர்த்துவிட்டேன், அகரவரிசையில்.

14 பெப்ரவரி, ஞாயிறு

மூதூரிலிருந்து கணித ஆசிரியர் ஒருவர் லோஞ்சில் வந்தார். கிண்ணியாப் பாலம் வந்தாலும் அங்கிருந்து மூதூர் போக இன்னும் ஆறுகளில் பாதை எனப்படும் மிதவைப் படகு ஏறி இறங்கவேண்டும். கடல் வழியே சுகம் என்றார். அவருக்குத் தொகுப்பாளராக ஆசை. என் பகுப்பில் மூதூர்த் தளங்களைப் பார்க்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் இடம் மாறியது, எந்தச் சங்கம் பெயர் மாறியது எல்லாம் அவருக்கு அத்துப்படி.

விண்ணப்பத்துக்கு மாதிரித் தளங்கள் சிலவற்றைத் தலைப்போடும் விளக்கத்தோடும் காட்டவேண்டும், அடைவில் ஏற்கெனவே இல்லாதவையாக. அவர் எழுதிவந்ததில் ‘எங்கள் கல்லூரி’ என்று இருந்தது. “நாங்கள், எங்கள் எல்லாம் வேண்டாம் தம்பி. வெளியே நின்று பார்க்கிறவராக எழுதுங்கள். அந்தக் கல்லூரியில் படிப்பிக்கிறீர்கள் என்பதை மட்டும் தொடர்புகள் கேட்கும் இடத்தில் மறைக்காமல் போடுங்கள்” என்றேன். இரண்டு மணிநேரம் இருந்து மூன்று விளக்கங்களையும் திருத்தினோம். மூன்றாவதில் ‘புகழ்பெற்ற’ என்ற சொல்லை எடுக்க அவருக்கு மனமே வரவில்லை. நிறுவிய ஆண்டைப் போடுங்கள், வாசிப்பவர் தாமே விளங்கிக்கொள்வார் என்று சொன்ன பிறகுதான் எடுத்தார்.

கடைசி லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது. விண்ணப்பத்தை வீட்டிலிருந்து இன்றிரவே அனுப்புவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.