ஒரு பெயரை நீக்க 53 நாட்கள்

ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் சிலர் சேர்ந்து இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்றை நடத்துகிறோம். எல்லோருமே வேறு வேலையில் இருப்பவர்கள். மாலை நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் கூடி வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். டிக்கெட்டும் பதிவும் என் பொறுப்பு. கடந்த முறை 640 பேர் பதிவு செய்திருந்தார்கள். கருத்தரங்கு முடிந்து இரண்டு மாதங்கள் கழித்து, அவர்களில் ஒரு பெண்மணியிடமிருந்து மூன்றே வரியில் மின்னஞ்சல் வந்தது. "என்னைப் பற்றி உங்களிடம் என்னென்ன விவரங்கள் இருக்கின்றன என்று தெரிவியுங்கள். பிறகு அவற்றை நீக்கிவிடுங்கள். நீக்கியதை உறுதிசெய்து எழுதுங்கள்."

பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். டிக்கெட் மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தில் அவர் பெயரைத் தேடி எடுத்து, 'நீக்கு' பொத்தானை அழுத்தினேன். பட்டியலிலிருந்து பெயர் மறைந்தது. பதில் எழுதத் தொடங்கியபோது 'உறுதிசெய்து' என்ற அந்தச் சொல் என் கையைப் பிடித்து நிறுத்தியது. எதை வைத்து உறுதி சொல்வது? என் திரையில் அந்தப் பெயர் தெரியவில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இன்னொரு தவறும் அப்போதுதான் உறைத்தது. அவர் முதலில் கேட்டது விவரம், அதன் பிறகே நீக்கம். நான் வரிசையைத் தலைகீழாக்கியிருந்தேன்.

மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். மறுநாள் அவர்களுடைய தரவுப் பாதுகாப்பு அலுவலரே தொலைபேசியில் அழைத்தார். "கவலைப்படாதீர்கள் சார், அந்தப் பதிவு எங்களிடம் அப்படியேதான் இருக்கிறது" என்றார். ஒரு கணம் நிம்மதி. அடுத்த கணமே அது போய்விட்டது. நான் நீக்கிய ஒன்று எப்படி அப்படியே இருக்க முடியும்? அவர் பொறுமையாக விளக்கினார். 'நீக்கு' பொத்தானை அழுத்தினால் தரவுத்தளத்தில் அந்த வரி அழிவதில்லை. 'நீக்கப்பட்டது' என்று ஓர் அடையாளம் மட்டும் அதன்மேல் விழுகிறது. அமைப்பாளர்கள் கைதவறி அழித்துவிட்டு மறுநாள் பதறிக்கொண்டு வருவதால் அப்படி வைத்திருக்கிறார்களாம். உண்மையிலேயே அழிக்க வேண்டுமானால் தனியாக எழுத்தில் கேட்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக அந்தப் பொத்தானை அழுத்தி வந்திருக்கிறேன். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று இதைவிட முக்கியம். நிறுவனத்துடன் நாங்கள் செய்திருந்த ஒப்பந்தம், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை ஒட்டி எழுதப்பட்டது. அதன்படி, என்ன கேட்பது, எதற்காகக் கேட்பது, எத்தனை நாள் வைத்திருப்பது என்று தீர்மானிப்பவர் அமைப்பாளர். மென்பொருள் நிறுவனம் அவர் சொன்னபடி தரவைக் கையாளும் தரப்பு, அவ்வளவே. கடிதம் எழுதிய பெண்மணிக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுடையது. அதற்குப் பொதுவாக ஒரு மாதம் அவகாசம் உண்டு. அன்று நான்காவது நாள்.

ஆறாவது நாள் அவருடைய முழுப் பதிவும் ஒரு கோப்பாக வந்தது. அதைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், பணிபுரியும் இடம். இவை நாங்கள் கேட்டவை. 'சிறப்பு ஏற்பாடு ஏதேனும் தேவையா' என்ற கட்டத்தில், சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டும் என்றும், எந்த நோயினால் என்றும் அவரே எழுதியிருந்தார். அதன் கீழே நாங்கள் கேட்காமலே சேர்ந்தவை: எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) டிக்கெட் வாங்கினார், எந்த வகைக் கைபேசி, நாங்கள் அனுப்பிய ஏழு மின்னஞ்சல்களில் எதை எத்தனை மணிக்குத் திறந்தார். பிறகு வாசலில் ஸ்கேன் செய்த நேரங்கள். முதல் நாள் காலை 9.12, வடக்கு வாசல். பிற்பகல் 2.05, பயிலரங்க அறை. இரண்டாம் நாள் 10.40, மீண்டும் வடக்கு வாசல். ஒரு மனிதர் இரண்டு நாட்கள் எங்கே இருந்தார், உடம்புக்கு என்ன என்பதெல்லாம் என் மடிக்கணினித் திரையில் பத்துப் பன்னிரண்டு வரியில் இருந்தது. உடல்நலத் தகவலுக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு கேட்கிறது. நாங்களோ அதைச் சட்டை அளவு கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

ஒரே ஒரு விஷயத்தில் மனம் லேசானது. அட்டை எண் அந்தக் கோப்பில் இல்லை. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் இருந்தன. பணம் செலுத்தும் பக்கத்தில் அட்டை எண்ணைத் தட்டும் அந்தச் சிறு கட்டம் டிக்கெட் மென்பொருளுடையதே அல்ல, பணப்பரிமாற்ற நிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அலுவலர் சொன்னார். எண் நேராக அங்கே போகிறது. திரும்பி வருவது ஒரு டோக்கன், அதாவது அட்டை எண்ணுக்குப் பதிலாக நிற்கும் ஒரு குறி. அதைத் திருடினாலும் வேறெங்கும் பொருள் வாங்க முடியாது. அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கத்தைப் பரிவர்த்தனை அனுமதிக்கப்பட்ட பிறகு வணிகர்கள் யாரும் சேமித்து வைக்கவே கூடாது, குறியாக்கம் செய்தும் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றியும்) கூடாது என்பது அட்டைத் துறையின் பிசிஐ தரவிதி.

சேமிக்காவிட்டால் திருட முடியாது என்று அங்கேயே நின்றுவிட முடியவில்லை. 2018-ல், டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனமான டிக்கெட்மாஸ்டரின் பிரிட்டன் தளத்தில் நடந்ததை அன்றிரவு படித்தேன். பணம் செலுத்தும் பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் உரையாடல் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெட்டியை இயக்கும் நிரலைத் திருடர்கள் மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர் அட்டை எண்ணைத் தட்டும்போதே அது வெளியே போனது. எந்தத் தரவுத்தளத்தையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020-ல் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. படித்து முடித்ததும் எங்கள் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விளம்பரம் எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று எண்ணுவதற்காக நானே இரண்டு வெளி நிரல்களை அதில் ஒட்டியிருந்தேன். அப்போதே எடுத்தேன்.

இனி பாதுகாப்பு. விற்பனைப் பக்கத்தில் எல்லா மென்பொருளும் 'ஏஇஎஸ்-256 குறியாக்கம்' என்று பெரிதாகப் போட்டுக்கொள்கின்றன. அதன் பொருள் என்ன என்று அலுவலரிடம் நேரடியாகவே கேட்டேன். "யாராவது வட்டைத் தூக்கிக்கொண்டு போனால் அதிலிருந்து ஒன்றும் படிக்க முடியாது. ஆனால் உங்கள் பெயரில், உங்கள் கடவுச்சொல்லோடு உள்ளே வருபவருக்கு, உங்களுக்குத் தெரிவதெல்லாம் தெரியும்" என்றார். அன்று முழுக்க அந்தப் பதில்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. 2024-ல் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுக் கிடங்கில் கணக்கு வைத்திருந்த பல நிறுவனங்களின் தரவு களவுபோனது. டிக்கெட்மாஸ்டரும் அவற்றில் ஒன்று. திருடிய கடவுச்சொற்களே போதுமாக இருந்தன, பறிபோன கணக்குகளில், கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இயக்கப்பட்டிருக்கவில்லை என்று அந்தத் தொடர் திருட்டை ஆராய்ந்த மாண்டியன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் எழுதியது. குறியாக்கம் பூட்டு என்றால், அங்கே சாவியோடு வந்தவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது.

எங்கள் கணக்கில் எத்தனை சாவிகள் வெளியே இருக்கின்றன என்று எண்ணினேன். 11 பேருக்கு முழு நிர்வாக உரிமை. அவர்களில் நான்கு பேர் எங்களை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாசலில் டிக்கெட் பார்க்க வந்த தன்னார்வலர்களுக்கென்று பொதுவான ஒரு கணக்கு; அதன் கடவுச்சொல் கருத்தரங்கின் பெயரும் ஆண்டும். மென்பொருளில் 'வாசல் பணியாளர்' என்று தனி உரிமை இருந்தது: பெயரும், டிக்கெட் செல்லுமா செல்லாதா என்பதும் மட்டும் தெரியும். யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை, நான் உட்பட. ஒரே மாலையில் நிர்வாகிகளை மூன்று பேராகக் குறைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினேன்.

இத்தனையும் செய்து முடித்தபோது, சரி, முடிந்தது என்றே நினைத்தேன். உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. மென்பொருளில் ஒரு பயன்பாட்டுப் பதிவேடு இருந்தது: யார், எப்போது, எதைச் செய்தார் என்று காட்டுவது. அதில் 'பங்கேற்பாளர் பட்டியல் பதிவிறக்கம்' என்று தேடினேன். 14 முறை. மென்பொருள் எவ்வளவுதான் கட்டிக் காத்தாலும், முழுப் பட்டியலை 14 முறை கோட்டைக்கு வெளியே கொண்டுவந்து விட்டவர்கள் நாங்கள். அவற்றில் ஆறு என் பெயரில் இருந்தன.

ஒவ்வொன்றாகத் துரத்தினேன். இரண்டு என் பழைய மடிக்கணினியின் பதிவிறக்க உறையில் கிடந்தன. ஒன்று அடையாள அட்டை அச்சிட்ட அச்சகத்துக்குப் போயிருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டவை பெயரும் நிறுவனமும். நான் அனுப்பியதோ எல்லா நெடுவரிசைகளும் கொண்ட எக்செல் கோப்பு. சக்கர நாற்காலித் தகவல், நோயின் பெயர், எல்லாம் அதில் இருந்தன. தொலைபேசியில் கேட்டபோது அச்சக உரிமையாளர், "எல்லாக் கோப்பும் பத்திரமாக இருக்கிறது சார், அடுத்த ஆண்டுக்கு வேண்டுமல்லவா" என்றார். அவர் உதவியாகத்தான் சொன்னார். ஒன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. 27 பேர் அதில் உறுப்பினர்கள். அனுப்பியவரின் செய்தியை எல்லோருக்குமாக நீக்கும் அவகாசம் என்றோ கடந்துபோயிருந்தது. ஒவ்வொருவரையும் அழைத்து, கைபேசியில் கோப்பைத் தேடி அழிக்கச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் அந்தக் கோப்பு தங்களிடம் இருப்பதையே அறியவில்லை. ஒருவர் கைபேசியை விற்றுவிட்டிருந்தார். அதை மட்டும் என் பதில் கடிதத்தில் அப்படியே எழுதினேன்.

வாசலில் ஸ்கேன் செய்யும் செயலியும் ஒரு நகல்தான். அரங்கில் இணையம் விட்டுவிட்டு வரும் என்பதால், செயலி முழுப் பட்டியலையும் கைபேசிக்குள் இறக்கி வைத்துக்கொள்கிறது. ஒன்பது கைபேசிகள், ஒன்பது நகல்கள். நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு கருவியின் இணைப்பையும் துண்டித்தேன். துண்டித்ததும் உள்ளே இருந்த பட்டியல் அழிந்ததா என்று ஒரு கைபேசியை வாங்கி நானே திறந்து பார்த்தேன். அழிந்திருந்தது. சொன்னதை நம்பாமல் பார்த்தது நல்லது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அந்த நாட்களில்தான் பழைய டிக்கெட் ஒன்று கையில் கிடைத்தது. இப்போதைய மென்பொருளுக்கு மாறுவதற்கு முன்பு, வேறொன்றில் அச்சிட்டது. என் பெயரிலேயே இருந்தது. சும்மா அதன் கியூஆர் குறியீட்டைக் கைபேசிக் கேமராவில் காட்டினேன். திரையில் என் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றும் வெட்டவெளிச்சமாக வந்தன. கியூஆர் என்பது பூட்டு அல்ல. அது எழுத்துகளின் இன்னொரு வடிவம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த ஆண்டு எத்தனை பேர் மகிழ்ச்சியில் டிக்கெட்டைப் படம் எடுத்துச் சமூக வலைதளத்தில் போட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நாங்களும் அவற்றைப் பகிர்ந்தோம். இப்போதைய டிக்கெட்டைக் காட்டினால், பொருளற்ற நீண்ட எழுத்துக்கோவை ஒன்றுதான் வருகிறது. அது யாருடையது என்பது சர்வருக்கு மட்டுமே தெரியும்.

டிக்கெட் இணைப்பையும் சோதித்தேன். என் பெயரிலும் மனைவி பெயரிலுமாக இரண்டு சோதனை டிக்கெட்டுகள் எடுத்து, ஒன்றின் கணக்கில் இருந்துகொண்டு மற்றதின் முகவரியைத் திறந்தேன். 'அனுமதி இல்லை' என்று வந்தது. இணைப்பின் முடிவில் 1041, 1042 என்று வரிசை எண் வைத்து, கேட்பவர் யார் என்று பார்க்காமலே டிக்கெட்டைத் திறந்துகாட்டும் மென்பொருளில், எண்ணை மாற்றிப் போட்டே அடுத்தவர் விவரத்தை எடுத்துவிடலாம். இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு தன் 2021 பட்டியலில் முதலிடம் தந்தது இந்த வகை அனுமதிக் கோளாறுக்குத்தான். மென்பொருள் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் விற்பனைப் பிரதிநிதியின் படக்காட்சியைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு சோதனைகளையும் செய்துவிடுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.

23-ஆம் நாள் நிறுவனத்திடமிருந்து பதிவு அழிக்கப்பட்டதாக எழுத்துபூர்வமான கடிதம் வந்தது. அதிலும் இரண்டு விதிவிலக்குகள். கணக்கு வழக்குக்காக, டிக்கெட் வாங்கியதற்கான விலைப்பட்டியலை (இன்வாய்ஸ்) சட்டம் சொல்லும் காலம் வரை வைத்திருந்தாக வேண்டும், ஆகவே அதில் பெயரும் தொகையும் இருக்கும். பேக்கப் நகல்களிலிருந்து ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுக்க முடியாது. அவை 30 நாள் சுழற்சியில் தாமாக அழியும். அதற்கிடையில் பழைய நகலிலிருந்து மீட்க நேர்ந்தால், அழித்தவர்களின் பட்டியலை வைத்து மறுபடி அழித்துவிடுவார்களாம். அன்றே அந்தப் பெண்மணிக்குப் பதில் அனுப்பினேன். எங்களிடம் இருந்தவை அத்தனையும், அவை யார் யாரிடம் போயின, எவை அழிந்தன, எவை எதுவரை இருக்கும், விற்கப்பட்ட அந்தக் கைபேசி, எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதினேன். அவருடைய நோயின் பெயர் அச்சகம் வரை போனதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அடுத்த கருத்தரங்குக்கான படிவத்தில் கைபேசி எண்ணை எடுத்துவிட்டோம். சட்டை அளவு, பணிபுரியும் இடம் இரண்டும் விருப்பப்பட்டால் மட்டும். சிறப்பு ஏற்பாட்டுக்கான கட்டத்தில் 'என்ன வசதி வேண்டும்' என்று மட்டும் கேட்கிறோம், காரணம் எழுத வேண்டாம் என்று அதன் கீழேயே போட்டிருக்கிறோம். நிகழ்ச்சி முடிந்த ஏழாம் நாள் அந்தப் பதில்கள் தாமாக அழியும்படி அமைத்தாயிற்று. பட்டியலைப் பதிவிறக்கும் உரிமை இருவருக்குத்தான்.

53-ஆம் நாள் பேக்கப் சுழற்சி முடிந்ததை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு அவருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். ஒரே வரி: "விலைப்பட்டியலில் உள்ள பெயரைத் தவிர, எங்கள் கட்டுப்பாட்டில் உள்ள எந்த இடத்திலும் இன்று முதல் உங்கள் விவரம் இல்லை." அனுப்பியதும், அனுப்பிய அஞ்சல்கள் பெட்டியில் அவருடைய முகவரி நின்றது. அந்தக் கடிதங்களை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்டு அலுவலருக்கு எழுதியிருக்கிறேன்.