எட்டா, பௌலைனா?

ராமநகராவில் பாறை ஏறப் போகும் எங்கள் கூட்டத்தில் தீராத ஒரு சண்டை உண்டு. இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையான ஹார்னஸில் கயிற்றைக் கட்ட எட்டு வடிவ முடிச்சா, பௌலைன் என்ற முடிச்சா? நான் எட்டுக் கட்சி.

பௌலைன்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாலைந்து தடவை விழுந்து தொங்கினால் எட்டு முடிச்சு இறுகிக் கல்லாகிவிடும்; விரல் வலிக்க வலிக்கப் பிரிக்க வேண்டும். பௌலைனின் கழுத்தை, அதாவது சுமை தாங்கும் கயிற்றின் பின்னால் வளையும் பகுதியை, விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், கழன்றுவிடும்.

என் பயமே அதுதான். பௌலைனில் பிடி என்று இருப்பது ஒரே ஒரு சுற்று. சுமை தாங்கும் கயிற்றில் போட்ட அந்தச் சுற்றுக்குள் நுனி நுழைந்து, மேலே போய், சுமைக் கயிற்றின் பின்னால் வளைந்து, மறுபடி அதே சுற்றுக்குள் இறங்குகிறது. சுமை இழுக்கும்வரை சுற்று நெரித்துப் பிடிக்கும். சுமை போனால் நெரிப்பும் போச்சு. ஏறும்போது கயிறு பெரும்பாலும் தளர்ந்துதான் இருக்கும், ஒவ்வொரு அசைவுக்கும் ஆடும். விறைப்பான புதுக் கயிறாக இருந்தால் கேட்கவே வேண்டாம், வால், அதாவது முடிச்சுக்கு வெளியே மிஞ்சிய நுனி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

எட்டில் இரண்டு இழைகள் ஜோடியாகவே வளைந்து, பல இடங்களில் ஒன்றையொன்று அழுத்துகின்றன. ஓரிடம் தளர்ந்தாலும் மற்ற இடங்கள் விடாது. அவிழ்ப்பது கஷ்டமாக இருப்பதும் அதே அழுத்தத்தால்தான்.

அதற்காக எட்டை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம் என்றில்லை. முடிச்சால் உண்டாகும் வளையத்தின் இரு பக்கங்களையும் எதிரெதிராகப் பிரித்து இழுத்தால் முடிச்சு வால் பக்கமாக உருளும். ஒவ்வொரு உருளலுக்கும் வால் குறையும். பௌலைனுக்கும் இந்தத் திசை ஆகாது. பிலே செய்பவர் (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பவர்) கேரபினர் கொக்கியைக் கயிற்று வளையத்தில் மாட்டாமல், ஹார்னஸிலேயே இருக்கும் பிலே லூப் என்ற பட்டை வளையத்தில் மாட்டுவதற்கு இது ஒரு காரணம். மூன்று பக்கமும் இழுபடும் வளையம் கயிற்றின் நடுவில் வேண்டுமென்றால் ஆல்பைன் பட்டர்ஃபிளை என்ற முடிச்சுதான்.

2020-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இழுவிசைக்கு ஏற்ப நிறம் மாறும் இழைகளில் முடிச்சு போட்டு அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சுகளை. கயிறு கயிற்றைக் கடக்கும் இடங்கள் எத்தனை, அங்கே முறுக்கு எதிரெதிராக விழுகிறதா, ஒரே பக்கமாக விழுகிறதா என்பதை வைத்தே எது உறுதி என்று கணிக்க முடிந்தது. எதிரெதிர் முறுக்கு பூட்டிக்கொள்கிறது, ஒரே பக்க முறுக்கு உருண்டுவிடுகிறது. ரீஃப் முடிச்சு நிற்பதும் அதன் ஜாடையிலேயே இருக்கும் கிரானி முடிச்சு நழுவுவதும் இதனால்தான்.

எங்கள் கூட்டத்துப் பெரியவர் ஒருவர் பௌலைனில் இரட்டைச் சுற்று போட்டு, வாலுக்குத் தனியாக ஒரு முடிச்சும் போடுவார். சரி, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் புதிதாக வருபவர்களுக்கு எட்டுதான் சொல்லிக்கொடுப்பேன். எதிரில் நிற்பவர் ஒரு பார்வையில் ஐந்து ஜோடி இழைகளை எண்ணிவிட்டு ‘ஏறலாம்’ என்று சொல்லிவிடலாம்.